சாப்பாட்டு வீடியோவில் வெட்டு எங்கே விழுகிறது?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி விட்டு வந்ததும் என் போனில் சாப்பாட்டு வீடியோதான். ஒருவர் உட்கார்ந்து பத்துப் பரோட்டா, முழுக்கோழி என்று தின்கிறார்; இவன் வைத்த கண் வாங்காமல் பார்க்கிறான். இப்போது கொரியன் நூடுல்ஸ் சேலஞ்ச் செய்ய வேண்டும், வாங்கிக் கொடு என்று அடம். என் வீட்டுக்காரர், ‘சமையல் வீடியோதானே, கெட்டதா பார்க்கிறான்’ என்கிறார். மகளுக்கு 11 மாதம். போனில் பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கிறாள். அவளுக்காக நானும் ‘எடை கூட்டும் பவுடர்’ வீடியோக்களைப் பார்த்துச் செய்கிறேன். எதைப் பார்க்கலாம், எது கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகி, நாமக்கல்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் கேட்பது நியாயமான கேள்விதான். கெட்ட வார்த்தை இல்லை, அடிதடி இல்லை, சாப்பாடுதானே. ஆனால் சினிமாவில் கதாநாயகன் மாடியிலிருந்து குதிப்பதைப் பார்த்து உங்கள் மகன் குதிக்கப்போவதில்லை. அது தன்னால் ஆகாது என்று 8 வயதில் தெரியும். நூடுல்ஸ் பாக்கெட் அப்படியில்லை. தெருமுனைக் கடையில் சரமாகத் தொங்குகிறது. பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவே உங்கள் பர்ஸ் மட்டும்தான் நிற்கிறது. அதனால் ‘ஆபாசம் உண்டா, வன்முறை உண்டா’ என்று மட்டும் பார்த்தால் சாப்பாட்டு வீடியோ எல்லாமே பாஸாகிவிடும்.

வேறொரு அளவுகோல் சொல்கிறேன். வீடியோவை எங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வெட்டு இல்லாத வீடியோ கிடையாது. 40 நிமிடச் சமையலை 8 நிமிடத்தில் காட்ட வேறு வழியும் இல்லை. நல்ல சமையல் வீடியோவில் வெட்டு காத்திருப்பின் மேல் விழும். அரிசி ஊறுகிறது, வெங்காயம் வதங்குகிறது, குக்கர் விசில் வர வேண்டும். ‘அரை மணி நேரம் ஊறட்டும்’ என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். மோசமான வீடியோவில் சுடும் இடம், வெட்டும் இடம், விழுங்கும் இடம், பணம் கைமாறிய இடம் எல்லாம் வெட்டுக்குள் போய்விடும். பிள்ளை பார்ப்பது மிச்சத்தைத்தான்.

அந்தப் பத்துப் பரோட்டா வீடியோவையே எடுங்கள். மகன் தூங்கிய பிறகு, சத்தத்தை நிறுத்திவிட்டு, திரையின் வலப்பக்கத்தை இரண்டு முறை தட்டித் தட்டிப் பத்துப் பத்து வினாடியாக நகர்த்திப் பாருங்கள். ஆளின் முகத்தைப் பார்க்காதீர்கள். பரோட்டா அடுக்கின் உயரம், சால்னாக் கிண்ணத்தின் மட்டம், தண்ணீர் டம்ளர், பின்சுவரில் விழும் வெளிச்சம், இந்த நான்கை மட்டும் கவனியுங்கள். ஒரு பெரிய வாய் உள்ளே போகும். நாலு மெல்லு மெல்லுவார். அடுத்த காட்சியில் வாய் காலி, கன்னம் ஒட்டியிருக்கும், கையில் புதுத் துண்டு. அவர் விழுங்கியதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சில வீடியோக்களில் அடுக்கு குறையும், சால்னா குறையாது. சுவரில் வெயில் சாய்ந்திருந்தால், ‘ஒரே மூச்சில்’ என்று சொன்னது சாயங்காலம்வரை நடந்திருக்கிறது.

இந்த வகைக்கு முக்பாங் என்று பெயர்; ‘தின்னும் ஒளிபரப்பு’ என்ற பொருளில் கொரிய மொழியில் வந்த சொல். மென்று துப்பிவிட்டு எடிட்டிங்கில் மறைப்பது கொரியாவிலும் சீனாவிலும் பெரிய சர்ச்சையானது. உணவை வீணாக்குவதற்கு எதிராகச் சீனா 2021 ஏப்ரலில் கொண்டுவந்த சட்டத்தில், அளவுமீறித் தின்னும் வீடியோ எடுப்பதும் பரப்புவதும் தடை செய்யப்பட்டது. எல்லோரும் துப்புகிறார்கள் என்று சொல்லவில்லை; உண்மையிலேயே தின்பவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் உடம்புக்கு இன்னும் கேடு. உங்கள் மகனுக்கு எந்த வகையானாலும் ஒன்றுதான். அளவையும் வேகத்தையும் அவன் அங்கே கற்றுக்கொள்கிறான். வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்ட 15, 20 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவனுக்கு அந்தச் சேதி வருவதற்குள் இரண்டு தோசை கூடுதலாகப் போயிருக்கும்.

அளவு பெரிது என்பதற்காகவே ஒரு வீடியோவைத் தள்ளிவிடவும் வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனலை எல்லோருக்கும் தெரியும். 2021இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டது. அங்கே வேகும் சோறும் கறியும் ஊர் அளவுக்கு இருக்கும். ஆனால் இஞ்சி பூண்டு அம்மியில் அரைபடுவது, மசாலா ஒன்றன்பின் ஒன்றாக விழுவது, அடுப்பெரிவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கடைசியில் பலர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஊருக்குப் பொங்குவது வேறு, ஒருவர் தின்று காட்டுவது வேறு. இதைப் பிள்ளையிடமே கேளுங்கள்: ‘இது எத்தனை பேருக்குடா?’ பதில் சொல்ல முடிகிற வீடியோ என்றால் பாதிக் கவலை விட்டது.

‘அப்படியானால் காய்கறி, பழம் தின்கிற வீடியோவாகப் போட்டுக் காட்டுகிறேன்’ என்று பல அம்மாக்கள் கிளம்புவார்கள். பெரிய பலன் எதிர்பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 176 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்த மாதிரியான இணையப் பிரபலங்கள் நொறுக்குத்தீனியோடு இருக்கும் படங்களைப் பார்த்தவர்கள், சாப்பாடே இல்லாத படங்களைப் பார்த்தவர்களைவிடச் சுமார் 26 சதவீதம் கூடுதல் கலோரி சாப்பிட்டார்கள். பழம், காய்கறியோடு இருக்கும் படங்களைப் பார்த்தவர்களிடம் குறிப்பிடும்படி மாற்றமே இல்லை. கெட்டது ஒட்டுகிறது, நல்லது ஒட்டவில்லை. கேரட் தின்ன வைக்க வீடியோவை நம்புவதைவிட, கேரட்டைச் சீவி அவன் கையில் கொடுப்பதே மேல்.

இனி சேலஞ்ச். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை: நேரக்கணக்கு, போட்டி, ‘முடிக்காவிட்டால் தண்டனை’ மூன்றில் ஒன்று இருந்தாலும் 12 வயதுக்குக் கீழே வேண்டாம். பந்தயம் என்றால் பிள்ளை மெல்லாமல் விழுங்கும். சிரித்துக்கொண்டே விழுங்கும்போதுதான் புரையேறி மூச்சுக்குழாயில் அடைக்கும். காரச் சேலஞ்சில் இன்னொன்றும் உண்டு. மிளகாயில் எரிச்சல் தரும் பொருள் கேப்சைசின். பெரியவர் தாங்கும் அளவு 25 கிலோப் பிள்ளைக்கு மிக அதிகம். 2024 ஜூனில் டென்மார்க் அரசு கொரிய நிறுவனம் ஒன்றின் மிகக் காரமான நூடுல்ஸ் வகைகள் மூன்றை, குழந்தைகளுக்கு நஞ்சாகலாம் என்று சொல்லிக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. மறு ஆய்வில் இரண்டை மட்டும் விட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2023 செப்டம்பரில் ஒரே ஒரு கார சிப்ஸைத் தின்னும் சேலஞ்ச் செய்த 14 வயது மாணவன் இறந்துபோனான். அவன் இதயத்தில் பிறவிக் குறை இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. நம் பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டா சேலஞ்சுக்கு உட்கார விடுகிறோம்?

புகை பிஸ்கட்டும் இதே ரகம். அதில் புகை கிளப்புவது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. முழுதும் ஆவியாகாமல் வாய்க்குள் போனால் திசுவை உறைய வைத்துப் பொசுக்கும். வயிற்றுக்குள் போனால் ஒரு பங்கு திரவம் 700 பங்கு வாயுவாக விரியும். 2024 ஏப்ரலில் கர்நாடகத்தின் தாவணகெரேயில் ஒரு சிறுவன் புகை பிஸ்கட் தின்றுவிட்டுத் துடித்த வீடியோ பரவியதும் தமிழ்நாட்டிலும் உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விட்டது. பொருட்காட்சியில் அந்த ஸ்டாலைப் பார்த்தால் பிள்ளையை நகர்த்திக்கொண்டு போங்கள்.

நூடுல்ஸுக்கு ஒரேயடியாக ‘கிடையாது’ என்றால் நண்பன் வீட்டில் தின்பான். ஒரு சமரசம்: அந்த வகைப் பாக்கெட்டில் காரச் சாஸ் தனிச் சாஷேயாக வரும். அதில் கால் பங்கு மட்டும் போடுங்கள். பல பிராண்டுகளில் ஒரு பாக்கெட்டுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் சோடியம். பெரியவர்களுக்கே நாள் முழுவதற்கும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2,000. ஒரு பாக்கெட்டை இருவராகப் பங்கிட்டு, ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி கேரட், பீன்ஸும் சேர்த்துக் கொடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். கையருகே ஒரு கிண்ணம் தயிர் இருக்கட்டும். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, பாலும் தயிரும்தான் எரிச்சலை எடுக்கும். கடிகாரம் வேண்டாம், போனில் படம் பிடிப்பதும் வேண்டாம். காரம் தின்ற பிறகு அடங்காத வயிற்றுவலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாந்தியில் ரத்தம் என்று எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

‘ஈஸி ஹேக்’ என்று 30 வினாடியில் ஓடும் செய்முறைகளை நான் முக்பாங்கைவிடக் கூடுதலாகச் சந்தேகப்படுவேன். சீனாவில் 2019இல் இரண்டு சிறுமிகள் காலித் தகர டின்னில் சோளப்பொரி செய்யப்போய், ஸ்பிரிட் தீப்பிடித்து, 14 வயதுச் சிறுமி இறந்தாள். நம் ஊரில் அதிகம் ஓடுவது சர்க்கரைப் பாகு வீடியோ: சர்க்கரை உருகுகிறது, வெட்டு, பொன்னிறக் கண்ணாடி மாதிரி மிட்டாய். அந்த வெட்டுக்குள் இருப்பது 160 டிகிரிப் பாகு. கொதிநீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு தோலில் ஒட்டிக்கொண்டு வேகும். மைக்ரோவேவில் முட்டை வேகவைப்பதும் அப்படித்தான்: மஞ்சள்கருவுக்குள் ஆவி அடைபட்டு, வெளியே எடுத்துக் கடிக்கும்போது முகத்தில் வெடிக்கும். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, தோசைமாவு எதுவும் வேண்டாம்.

சர்க்கரைக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன், இதற்கு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் போதும். ‘குழந்தைகளுக்குப் பிடித்த பிஸ்கட் மில்க் ஷேக்’, இரண்டு டம்ளர்: கிரீம் பிஸ்கட் 6, அதில் சர்க்கரை சுமார் 24 கிராம், ஐஸ்கிரீம் 2 கரண்டி, 24, சாக்லேட் சிரப் 2 மேசைக்கரண்டி, 18, மேலே 2 டீஸ்பூன் சர்க்கரை, 9. மொத்தம் 75 கிராம், டம்ளருக்கு 37. 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் தேவை நாளைக்கு 1,700 கலோரி. அதில் சேர்த்த சர்க்கரை பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது 42 கிராமுக்குள் இருக்க வேண்டும். 21 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு டம்ளரிலேயே நாள் கணக்கு கிட்டத்தட்ட முடிந்தது. அளவே சொல்லாமல் ‘கொஞ்சம்’, ‘தேவையான அளவு’ என்று பாக்கெட்டைச் சாய்த்துக்கொண்டே போகிறவர்களின் வீடியோவில் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. போட முடியாதது தற்செயல் என்று நினைக்காதீர்கள்.

அந்த பிஸ்கட் பாக்கெட் எத்தனை முறை நேராகக் கேமராவைப் பார்க்கிறது என்றும் எண்ணுங்கள். நம் வீட்டில் மிளகாய்த்தூள் பாக்கெட்டைப் பெயர் தெரியும்படி திருப்பிவைத்து யாரும் சமைப்பதில்லை. பணமோ பொருளோ வாங்கியிருந்தால் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர அமைப்பு 2021இலேயே விதி வைத்தது. வீடியோவின் தொடக்கத்தில் சில வினாடி ஓரத்தில் ‘பெய்ட் புரமோஷன்’ (காசு வாங்கிய விளம்பரம்) என்று வந்து மறையும். உங்களுக்கே கண்ணில் படாது. 8 வயதுப் பிள்ளைக்கு ‘இந்த அண்ணன் நமக்குப் பிடித்ததைச் சொல்கிறார்’ என்றுதான் படும்.

‘குழந்தைகளுக்கானது’ என்ற குறியையும் நம்பி உட்கார வேண்டாம். 2020 ஜனவரியிலிருந்து யூடியூபில் அந்தக் குறியை முதலில் போடுவது வீடியோ ஏற்றுபவர்தான். அது பிள்ளைகளின் தகவலைச் சேகரிப்பது, விளம்பரம் காட்டுவது பற்றிய அமெரிக்கச் சட்டத்துக்காக வந்தது. அந்தக் குறி இருந்தால் கமென்ட் இருக்காது, ஆளைப் பார்த்துக் காட்டும் விளம்பரம் இருக்காது. தட்டில் என்ன இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

போனில் செய்ய வேண்டியது: யூடியூப் கிட்ஸ் ஆப்பை ஏற்றி, மூலையில் உள்ள பூட்டுப் படத்தைத் தட்டி, அது கேட்கும் பெருக்கல் கணக்கைப் போட்டு உள்ளே போங்கள். அந்தக் கணக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அல்வா. அதனால் உடனே சொந்தமாக ஒரு ரகசிய எண் வைத்துவிடுங்கள். செட்டிங்ஸில் மகன் பெயரைத் தொட்டு ‘அப்ரூவ் கன்டென்ட் யுவர்செல்ஃப்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் அனுமதித்த சேனல் மட்டும் தெரியும். தேடல் வேலை செய்யாது. ஆறேழு சேனல் போதும். உங்கள் சொந்த யூடியூபில் ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். ஹிஸ்டரிக்குள் போய் முக்பாங், சேலஞ்ச் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நீக்குங்கள். அதை விட்டுவிட்டு மகனைத் திட்டிப் பயனில்லை, நாளை காலை அதே சரக்கை அதுவாகவே கொண்டுவந்து வைக்கும். மீறி வந்தால், மூன்று புள்ளியைத் தொட்டு ‘டோன்ட் ரெகமண்ட் சேனல்’.

இதையெல்லாம் திருட்டுத்தனமாகச் செய்யாதீர்கள். முதலில் அவனோடு உட்கார்ந்து ஒரே ஒரு பரோட்டா வீடியோ பாருங்கள், ‘வெட்டைக் கண்டுபிடி’ என்று விளையாட்டாக. சால்னா குறையவில்லை என்று அவனே கண்டுபிடித்தால் பாதி மயக்கம் தெளியும். பிறகு ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் ஒரு வேலை கொடுங்கள்: வெந்த முட்டை உரிப்பது, கறிவேப்பிலை உருவுவது, மாவு பிசைவது, மழுங்கிய கத்தியால் வாழைப்பழம் வெட்டுவது. அடுப்புப் பக்கம் நீங்கள் நிற்கும்போது மட்டும்.

மகள் விஷயத்தில் வீடியோவைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே இல்லை. இரண்டு வயதுவரை திரை வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் சொன்னது. தூரத்து உறவினரோடு வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு. பாட்டு ஓடும்போது அவள் சாப்பிடவில்லை, நீங்கள் ஊட்டுகிறீர்கள். வாய் திறப்பது பழக்கத்தில் நடக்கிறது. பசியும் போதும் என்ற உணர்வும் அவளுக்கே தெரியாமல் போகிறது. நாளை முதல் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் நிமிர்த்தி உட்கார வையுங்கள், போன் வேறு அறையில் இருக்கட்டும். விரல் நீள இட்லித் துண்டு, நசுக்கினால் நசுங்கும் அளவுக்கு வெந்த கேரட் என்று கையில் கொடுங்கள். இறைக்கட்டும், கீழே ஒரு பழைய துணி விரித்துக்கொள்ளுங்கள். தலையைத் திருப்பி வாயை மூடினால் நிறுத்திவிடுங்கள். 30 நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். முதல் மூன்று நான்கு நாள் குறைவாகத்தான் சாப்பிடுவாள், அழுவாள். இந்த வயதுக்குத் தாய்ப்பாலோடு ஒரு வேளைக்கு அரைக் கப், நாளைக்கு மூன்று நான்கு வேளை. பயப்படும் அளவுக்குப் பெரிய அளவு இல்லை.

நீங்கள் பார்க்கும் பவுடர் வீடியோக்களில், ‘6 மாதம் முதல் 3 வயது வரை’ என்று ஒரே செய்முறைக்குத் தலைப்பு இருந்தால் அங்கேயே மூடிவிடுங்கள். 6 மாதக் குழந்தைக்கு மசித்த கூழ், 11 மாதத்துக்குச் சிறு துண்டுகள், 3 வயதுக்கு வீட்டுச் சாப்பாடு. எல்லாம் மிக்ஸியில் அரைத்தே போனால் மெல்லப் பழகும் காலம் தப்பிவிடும். தேன் சேர்க்கும் வீடியோ என்றாலும் தள்ளுங்கள்: ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி வித்து குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும். உப்பும் சர்க்கரையும், கருப்பட்டி உட்பட, ஒரு வயதுவரை வேண்டாம். வேர்க்கடலை, பாதாமைத் தூளாக்கிக் கூழில் கலக்கலாம். முழுதாக 5 வயதுவரை கூடாது. திராட்சை என்றால் நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். 20 பொருளை ஒன்றாக வறுத்து அரைக்கும் சத்துமாவை முதல் தடவையே கொடுத்தால், உடம்பில் தடிப்பு வரும்போது எது ஆகவில்லை என்று தெரியாது. புதுப்பொருள் ஒவ்வொன்றையும் மூன்று நாள் தனியாகக் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

‘ஒரே வாரத்தில் எடை கூடும்’ என்பதைக் கேட்டு ஏங்காதீர்கள். இந்த வயதில் மாதத்துக்கு 200 முதல் 300 கிராம் கூடுவதே இயல்பு. தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் வளர்ச்சிக் கோடு இருக்கும். இந்த மாதம் அங்கன்வாடியில் எடை பார்த்துப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். குழந்தை சற்று ஒல்லியாக இருந்தாலும் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால் பவுடரே தேவையில்லை. இரண்டு மாதம் தொடர்ந்து கோடு படுத்தோ சரிந்தோ இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைந்த குழந்தைக்குப் பசியே மந்தமாகத்தான் இருக்கும்.